கூட்டுக்கு வந்த புதிய குருவி

உலக விவகாரங்கள் எத்தனையோ இருக்க, பாடசாலை அதிபர் ஒருவர் கூட்டுக் குருவிகளைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். கல்வியைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தால், பேசிப் பேசிப் பழகிய நாவினால் எளிதாகப் பேசியிருப்பேன். குருவியைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குக் கடினமாக இருக்கின்றது. அது நான் பிழைவிட்டுக் கற்ற பாடம். அந்தப் பிழைக்கு ஓர் உயிர் பலியாயிற்று.

நம் வீட்டு விறாந்தைகளிலே இன்று தொங்கும் கூடுகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பவை பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் விற்கப்படும் சின்னஞ்சிறு கிளிகள். கடைக்காரரும் வாங்குவோரும் அவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்றே அழைக்கின்றனர். அப்பெயருக்கு உண்மையில் உரிய பறவை ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனமாகும். நம் கூட்டில் இருப்பது அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர். ஜோர்ஜ் ஷோ என்னும் ஆங்கிலேய அறிஞர் 1805 ஆம் ஆண்டில் அதனை நூலில் விவரித்தார். ஜோன் கூல்ட் என்னும் பறவையியலார் 1840 இல் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். காட்டிலே வாழும் பறவைக்குப் பச்சையும் மஞ்சளுமே நிறம். நீலமும் வெள்ளையும் கூட்டில் வளர்த்தோர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியவை.

இப்பறவை தன் நாட்டிலே தனித்து வாழ்வதில்லை. எங்கே மழை பெய்தது, எங்கே புல்விதை விளைந்தது என்று தேடித் தேடிக் கூட்டங் கூட்டமாகப் பறந்து திரிகின்றது. இதிலிருந்து இரண்டு குணங்கள் அதற்கு வாய்த்திருக்கின்றன. ஒன்று, துணையின்றி இருக்க மாட்டாமை. மற்றது, நோயை வெளிக்காட்டாமை. கூட்டத்திலே தளர்ந்த பறவையைத்தான் வல்லூறு முதலிற் குறிவைக்கும். ஆதலால் நோயுற்ற பறவையும் நலமுள்ளதுபோல் நடிக்கும். இவ்விரண்டாவது குணத்தை நான் அறியாதிருந்தமையே என் பிழைக்கெல்லாம் மூலகாரணம்.

இடையிலே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழருக்குக் கிளி புதிய பறவையன்று. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனத்திலே பரணமைத்துக் கிளி கடிந்ததைச் சங்கப் பாடல்கள் பல கூறுகின்றன. மதுரை மீனாட்சியம்மை கையிலே கிளி இருக்கின்றது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடம் ஒரு கிளியையே தூதாக அனுப்பினார். அன்று கவண் கொண்டு விரட்டிய கிளிக்கு இன்று நாம் கடையிலே தினை வாங்கிப் போடுகிறோம் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு; பிள்ளைகள் சிரிப்பார்கள். இலங்கைக்கும் செந்தார்ப் பைங்கிளி முதலாகக் கிளியினங்கள் ஐந்து உண்டு. மரப்பொந்திலிருந்து அவற்றின் குஞ்சுகளை எடுத்துக் கூட்டில் அடைப்பதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது செய்யத் தகாத செயல். மேலும், அத்தகைய பெரிய கிளியையும் பட்ஜரிகரையும் ஒரே கூட்டில் விடுவோரும் உளர். பெரிய கிளியின் அலகு ஒரே கடியிற் சிறியதன் காலைத் துண்டித்துவிடும். அவற்றை அடுத்தடுத்த கூடுகளில் வைப்பதுகூட ஆபத்தானது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் காலமான பின்னர் தாயார் எங்களுடன் வந்து இருக்கலானார். பகலில் நானும் என் மனைவியும் பாடசாலைக்கும், பிள்ளைகள் படிப்புக்கும் போய்விடுவோம். வீட்டிலே அம்மா தனியே இருப்பார். அவருக்குப் பொழுது போகட்டும் என்று நீலநிறக் குஞ்சொன்றை வாங்கி வந்தோம். நீலன் என்று அம்மாவே பெயரிட்டார். அவர் கீரை ஆயும்போது கூடு அருகில் இருக்கும். பத்திரிகை படிக்கும்போதும் அருகில் இருக்கும். நான் மாலையில் வீட்டுப் படலையைத் திறந்ததும் அம்மா வழக்கமாகக் கேட்பது, "வந்திட்டியோ தம்பி?" என்பது. ஓராண்டு கழிந்ததும் அவர் கேட்குமுன் நீலன் கேட்கத் தொடங்கிற்று. கீச்சுக் குரலில், மூக்காற் பேசுவதுபோல, "வந்திட்டியோ தம்பி?" ஆண் பறவைகளே பெரும்பாலும் இவ்வாறு பேசப் பழகுகின்றன, பேடுகள் பேசுவது அரிது.

2019 ஆம் ஆண்டிலே அம்மாவுக்குக் கண்புரை நீக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் மூன்று வாரம் என் தமக்கையார் வீட்டில் அவர் தங்கியிருந்தார். அந்த மூன்று வாரமும் நீலன் பேசவில்லை. இரை குறைந்தது. நெஞ்சிலிருந்த இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கிற்று. அம்மா திரும்பி வந்து பார்த்துக் கலங்கிப் போனார். "தம்பி, நான் எவ்வளவு காலத்துக்கு இருக்கப்போறன்? உதுக்கு ஒரு சோடி பிடிச்சு விடன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமையே நகரத்துக் கடையொன்றிலிருந்து பச்சை நிறப் பேடொன்றை ஒரு சிறு காகிதப் பெட்டியிற் கொண்டு வந்தேன். பொழுது பட்டுவிட்டது. பெட்டியைத் திறந்து, நேரே நீலனின் கூட்டுக்குள் விட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. "சரி, இனிக் கவலையில்லை" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

இரவு சிறகடிக்கும் ஓசை கேட்டது. விடியற்காலையிற் பார்த்தால் நீலனின் கால்விரலில் இரத்தம். புதிய பேடு மேற்குச்சியிலும் நீலன் கூட்டின் தரையிலும் இருந்தன. இனப்பெருக்கப் பருவத்திலுள்ள பேடு, ஆணைவிடச் சண்டைக் குணம் மிக்கது என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அவசர அவசரமாகப் பிரித்து வைத்தேன். ஆனால் அதைவிடப் பெரிய தீங்கு அதற்குள் நடந்துவிட்டிருந்தது. பத்தாம் நாள் பேடு இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் இருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. மறுநாட் காலை இறந்துவிட்டது. அதே வாரத்தில் நீலனும் சிலிர்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கிற்று.

மிருக வைத்தியர் பறவையைப் பார்த்துவிட்டு முதலிற் கேட்ட கேள்வி பறவையைப் பற்றியதன்று. "வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? யாருக்காவது காய்ச்சல், இருமல் உண்டா?" என்று கேட்டார். கிளிக்காய்ச்சல் என்றொரு நோய் உண்டு. ஒருவகைப் பற்றீரியாவால் வருவது. காய்ந்த எச்சத்தின் தூளிலும் இறகுத் தூசியிலும் கலந்து, மனிதரின் சுவாசப்பைக்குள்ளும் புகும். அம்மாவோ நாள் முழுவதும் அந்தக் கூட்டருகில் இருப்பவர். நேயர்களே, அந்த நிமிடத்தில் என் உள்ளம் பட்ட பாட்டை எவ்வாறு சொல்வேன்! அம்மாவுக்கு நல்ல வேளையாக ஒன்றும் வரவில்லை. நீலனுக்கு நாற்பத்தைந்து நாட்கள் மருந்து. சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்பதால், கூட்டிலே கட்டியிருந்த கணவாய் ஓட்டையும் கழற்றிவிடச் சொன்னார். பறவை பிழைத்துக்கொண்டது. அம்மா மட்டும் ஒருநாள், மருந்து பருக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நான் சோடி கேட்டது பிழைதான் தம்பி" என்றார். தன்மேலே பழியைப் போட்டுக்கொண்ட அந்தச் சொல், என்னைத் திட்டியிருந்தாற் பட்டிருக்கக்கூடியதைவிடக் கூடுதலாகச் சுட்டது.

அதன் பின்னர் புத்தகங்களைத் தேடினேன். வைத்தியரை மீண்டும் மீண்டும் கேட்டேன். 2020 ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த பின் இரண்டாவது முயற்சியைத் தொடங்கினோம்.

இம்முறை பறவையைத் தெரிந்தெடுப்பதிலேயே கவனம் வைத்தேன். இளம் பறவைக்கு நெற்றியின் அடிவரை கறுப்பு வரிகள் ஓடும். மூன்று நான்கு மாதத்தில் முதன்முறை இறகுதிரும்போது அவை மறையும். கண்ணும் முழுக்கக் கறுப்பாக இருக்கும். வளர்ந்ததற்கு வெண்ணிற வளையம் தோன்றும். அலகுக்கு மேலே மூக்குத் துளைகளைச் சூழ்ந்த மெழுகு போன்ற தோல், வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பேட்டுக்குக் கபில நிறமாகவும் இருக்கும். இரண்டு ஆண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஓர் ஆணும் ஒரு பேடும் ஒத்துப்போகும். இரண்டு பேடுகள்தாம் பலவேளை ஒத்துப்போவதில்லை. கடையிலே ஒரு மூலையில் தனியே உறங்கிக்கொண்டிருக்கும் பறவையைக் கண்டு இரக்கப்பட்டு வாங்குவோர் உளர். அந்த இரக்கம் வீட்டிலுள்ள பறவைக்குக் கேடாக முடியலாம். வாலடி சுத்தமாகவும், கண் தெளிவாகவும், இறகு உடலோடு படிந்தும் உள்ள பறவையையே எடுக்க வேண்டும். இளம் பச்சைப் பேடொன்றை எடுத்தேன்.

அதனை நீலன் இருந்த விறாந்தைக்கு நான் கொண்டு போகவில்லை. வீட்டின் மறுகோடியில் உள்ள அறையிலே தனிக் கூட்டில் வைத்தேன். முப்பது நாளுக்குக் குறையாமல், கூடுமானால் நாற்பத்தைந்து நாள், புதிய பறவை தனியறையில் இருத்தல் வேண்டும். இதற்கு விலக்கு இல்லை. தீன் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம், கூடு துடைக்கும் துணி யாவும் வேறாக இருக்க வேண்டும். முதலிற் பழைய பறவையைக் கவனித்துவிட்டு, அதன் பின்பே புதியதிடம் போக வேண்டும். திரும்பும்போது கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். எச்சத்தைக் காயவிட்டுக் கூட்டிப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்த நாட்களில் அம்மாவை அவ்வறைக்குள் நான் விடவில்லை. கதவடியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

புதிய பறவையின் முதல் மூன்று நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் அன்பினாற் கெடுப்போர் பலர். கூட்டைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நின்று, விரலை நீட்டி, சீட்டியடித்து, "பேசு, பேசு" என்பார்கள். அப்பறவையோ தன் கூட்டத்தையிழந்து, பெட்டிக்குள் அடைபட்டுக் குலுங்கி, புதிய இடத்திற்கு வந்து நடுங்கிக்கொண்டிருக்கின்றது. கூட்டைச் சுவரோடு ஒட்டி, மனிதரின் கண்மட்ட உயரத்தில் வைத்து, மூன்று பக்கத்தையும் மெல்லிய துணியால் மறைத்துவிடுங்கள். நேர் வெயிலும் வேண்டாம், யன்னற் காற்றும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மணிநேர இருட்டும் உறக்கமும் தேவை. தினையையும் சாமையையும் கிண்ணத்தில் இடுவதோடு, தரையிலும் சிறிது தூவிவிட்டால் அஞ்சும் பறவையும் குனிந்து பொறுக்கும். கிண்ணம் நிறைந்திருக்கின்றதே என்று எண்ணி ஏமாறாதீர்கள். மேலே கிடப்பது வெறும் உமியாகவும் இருக்கலாம், ஊதிப் பார்க்க வேண்டும். உண்கின்றதா என்பதை எச்சம் சொல்லும்: கரும்பச்சைச் சுருளும் அதன் நடுவில் வெள்ளையும் இருந்தால் நலம். ஒருநாள் முழுவதும் ஒன்றுமே உண்ணாவிட்டால் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கக்கூடாது. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள சிற்றுயிருக்கு இரண்டு நாள் பட்டினி என்பது சிறிய விடயமன்று.

அவ்வறையிலே நுளம்புத் திரி கொளுத்தலாகாது. சாம்பிராணிப் புகையும் ஆகாது. பறவையின் சுவாச உறுப்புகள் நம்முடையவற்றைவிட மிக நுண்மையானவை. ஒட்டாத பூச்சுள்ள தாய்ச்சியை அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடாக்கினால் எழும் கண்ணுக்குத் தெரியாத வாயு சில நிமிடங்களிற் பறவையைக் கொல்லும். குசினிக்கு அருகே கூடு தொங்கவிடும் வழக்கத்தை இதனால் விட்டுவிட வேண்டும்.

பங்குனி மாத நடுவிலே பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த வாரம் ஊரடங்குச் சட்டமும் வந்தது. ஊரே தனிமைப்படுத்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்நாளில், எங்கள் வீட்டுப் பேட்டின் தனிமைப்படுத்தல் முடிந்தது. நானும் வீட்டிலே இருந்தேன். கண்காணிக்க நேரம் கிடைத்தது.

முதலில் ஒரே மண்டபத்தின் இரு கோடிகளில் இரு கூடுகளையும் வைத்தேன். அதற்கு முன்பே, சுவருக்கப்பாலிருந்து ஒன்றின் குரலுக்கு மற்றது மறுகுரல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக நெருக்கி, முடிவில் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன். கூடுகளை ஒட்ட வைத்தால், கம்பியைப் பற்றும் காலை மற்றது கடித்துவிடும். அந்த இடைவெளியிலே பல நாள் வைத்துக் கவனித்தேன். ஒன்று தீன் பொறுக்கும் வேளையில் மற்றதும் தீன் பொறுக்கினால் அது நல்ல அடையாளம். ஒரே நேரத்தில் இறகு கோதினால் அதுவும் நல்லது. இரவிலே இரண்டும் எதிர்க்கூட்டுக்கு அருகான குச்சியைத் தேடி உறங்கத் தொடங்கினால், அதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. மாறாக, அலகைத் திறந்துகொண்டு கம்பியிற் பாய்ந்தவண்ணம் இருந்தால் இன்னும் காலமாகவில்லை என்பது பொருள்.

நேரிலே சந்திக்க விடும்போது பழைய பறவையின் கூட்டிற் புதியதை விடுவதே நான் முன்பு செய்த தவறு. எவருக்கும் தம் வீடு தம் வீடுதானே! மண்டபத்தின் கதவு யன்னல்களைச் சாத்தி, நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடி, பூனையை வெளியே விட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மின்விசிறியை நிறுத்தி, இரண்டையும் பொது இடத்தில் வெளியே விட்டேன். நம் நாட்டு வீடுகளிலே விசிறியில் அடிபட்டு இறக்கும் குருவிகள் பல. மேசைமேற் பசளிக்கீரையும் துருவிய கரட்டும் தூவியிருந்தேன். நீலன் கீரையைத் தின்றது. பேடு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அவ்வளவுதான். மறுநாள் அரை முழம் குறைந்தது. ஐந்தாம் நாள் இரண்டும் ஒரே இலையின் இரு முனைகளைப் பிடித்து இழுத்தன; அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

பின்னர் பெரிய கூடொன்றைக் கழுவி, இரண்டுக்கும் புதியதாக, பூவரசு, கொய்யாக் கிளைகளை வெவ்வேறு பருமனில் வெட்டிக் குச்சிகளாக மாட்டினேன். தீன் கிண்ணம் இரண்டு, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, ஒன்றுக்கொன்று தூரமாக. கிண்ணம் ஒன்றேயானால் வலியது காவல் நிற்கும். மெலியது பட்டினி கிடக்கும். முட்டையிடும் பெட்டியை வைக்கவில்லை. அதனைக் கண்டதும் பேட்டின் குணம் மாறிவிடும். முதல் மூன்று நாள் பகலில் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் வைத்தேன். சிறு சச்சரவு இருக்கத்தான் செய்யும். அலகைத் திறந்து காட்டுவதும், குச்சியிலிருந்து தள்ளுவதும் எங்கள் பாடசாலையின் நான்காம் வகுப்பிலும் உண்டு. அதற்கெல்லாம் ஓடிப்போய்ப் பிரிக்கலாகாது. காலைக் கடித்தல், இறகைப் பற்றிக்கொண்டு உருளுதல், இரையண்டை வரவிடாமற் துரத்துதல், இரத்தம் ஆகியவற்றைக் கண்டால் அந்தக் கணமே பிரித்து, நாட்கள் சில விட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை முயன்றாலும் சில பறவைகள் ஒத்துப்போகா. அவற்றுக்கு அடுத்தடுத்த கூடே வாழ்க்கை. அதிலும் குறையொன்றுமில்லை, குரல் கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் பறவைகள் ஒத்துப்போயின. நீலனின் நெஞ்சில் இறகு மீண்டும் முளைத்தது. பேட்டுக்கு அது அலகோடு அலகு வைத்து இரையூட்டுவதையும் கண்டோம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு முழு உண்மையையும் சொன்னவனாக மாட்டேன். நீலன் பேசுவது நின்றுவிட்டது. துணையைப் பெற்ற ஆண் பறவை சில வாரங்களிலே அத்துணையின் அழைப்பொலியைத் தன் குரலிற் பழகிக்கொள்ளும். மனிதரின் மொழி அதற்குப் பிறகு அதற்குத் தேவைப்படுவது குறைவு. படலையைத் திறந்து நான் உள்ளே வந்தால், கூட்டிலிருந்து எழுவது இரண்டு பறவைகளின் அரட்டைதான். அம்மா கூட்டருகில் உட்கார்ந்து, "என்னை மறந்திட்டுதோ?" என்று ஒருநாள் கேட்டார். மறக்கவில்லை என்றேன். அவர் விரலை நீட்டினால் அது வந்து ஏறிக்கொள்ளத்தான் செய்தது. ஆனாலும் பழைய நெருக்கம் இல்லை. துணை தேடிக் கொடுப்போர் இந்த இழப்பை முன்னரே அறிந்து, அதற்கு மனம் ஒப்பியே தேட வேண்டும். பேசும் பறவைதான் வேண்டும் என்போர், தாமே நாள் முழுவதும் அதற்குத் துணையாயிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கட்டும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "நான் ஆசுப்பத்திரிக்குப் போனாலும் இனி அது இறகு பிடுங்காதெல்லோ, அது போதும்" என்றார்.

2023 ஆம் ஆண்டிலே, எட்டு வயதில், நீலன் இறந்தது. பேடு தனித்து நின்றது. இம்முறை நான் ஒன்றும் பேசவில்லை; அம்மாவே முடிவு செய்தார். சில மாதம் பொறுத்து, மஞ்சள் நிறக் குஞ்சு ஆணொன்றை வாங்கிவரச் சொன்னார். நான் கூட்டோடு படலையடிக்கு வந்தபோது, விறாந்தையில் நின்றபடியே, "இஞ்சால கொண்டு வராதை, அங்கால அறையில வை" என்று கட்டளையிட்டார். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு கிழித்துக்கொண்டு வந்தார்.

இருபத்துமூன்றாம் கோடு கிழித்த அன்று மாலை, பாடசாலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அம்மாவை விறாந்தையிற் காணவில்லை. மறுகோடி அறையின் சாத்திய கதவுக்கு வெளியே, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவில்லை, விதியை மீறவில்லை. கதவின் இடைவெளியிலே வாயை வைத்து, மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வந்திட்டியோ தம்பி? வந்திட்டியோ தம்பி?"